நிலாவும் கள்ளுக்கடையும்

ஜூலை 21 வந்தால் போதும், சுவா பக்கத்துத் தோட்டப் பெரியவர்களுக்கு 1969 நினைவு வந்துவிடும். "ஆம்ஸ்ட்ராங் காலு வச்சப்ப நான் கள்ளுக்கடை வாசல்ல நின்னு நெலாவையே பாத்துக்கிட்டிருந்தேன் தம்பி" என்பார் தாத்தா. பக்கத்து லயத்துக்காரரும் அதே வாசலில்தான் நின்றாராம். கூட்டிக் கழித்தால் அன்றைக்கு அந்த வாசல் பட்டணத்து ஸ்டேடியத்தைவிடப் பெரிசாக இருந்திருக்க வேண்டும்.

சிக்கல் ஒன்றுதான். ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தது நம்மூர்க் கணக்குப்படி திங்கட்கிழமை காலை சுமார் பத்தரை மணி. பால் மரம் வெட்டி முடித்து, மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளி சுமக்கிற நேரம். கள்ளுக்கடை பூட்டிக் கிடக்கும். நிலாவோ இன்னும் உதிக்கவே இல்லை!

இதைத் தாத்தாவிடம் மெதுவாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"1982-ல கடியாரத்த அரமணி நேரம் முன்ன தள்ளுனாங்கல்ல, அதுலதாண்டா எல்லாம் கொழம்பிப்போச்சு."

அடுத்து ஆகஸ்ட் 31 வருகிறது. துங்கு ஏழு முறை 'மெர்டேக்கா' என்று முழங்கியபோது, தாத்தா அவருக்குப் பக்கத்திலேயே நின்றாராம்.