கிள்ளான் ரயிலில் ஓர் எலி

ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் ஸ்டேஷனில் கொமுட்டர் ஏறும்போது நண்பர் ஒரு மாவீரர். தேய்த்த சட்டை, பாக்கெட்டில் சீப்பு, வாயில் புதினா மிட்டாய். மூன்று மாதமாக நடுச்சாமம் தாண்டியும் வாட்ஸ்அப்பில் பேசிய பெண்ணை இன்றைக்குத்தான் நேரில் பார்க்கப் போகிறார். இடம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. நேரம் பன்னிரண்டரை.

பாடாங் ஜாவா வரைக்கும் விசிலடித்தார். ஷா ஆலத்தில் விசில் நின்றது. சுபாங் ஜெயாவில், போட்டோவில் வெட்டி எறிந்த தொப்பை ஞாபகம் வந்தது. அங்காசாபுரியில்தானே மின்னல் பண்பலை இருக்கிறது, இறங்கி அவளுக்கு ஒரு பாட்டை விரும்பிக் கேட்டுவிட்டு வீட்டுக்கே போய்விடலாமா என்றுகூட யோசித்தார்.

அமெரிக்க உளவியலாளர் நீல் மில்லர் இதை 1944-லேயே எழுதிவிட்டார். என்ன, அவர் எழுதியது எலியைப் பற்றி. நீளமான பாதை, கோடியில் தீனி. தீனி தின்ற இடத்திலேயே ஒருமுறை ஷாக்கும் அடித்தால், அடுத்த தடவை எலி பாதி தூரம் ஓடி, நின்று, முன்னும் பின்னும் தவிக்கும். கிட்டப் போகப் போக ஆசையும் ஏறுகிறது, பயமும் ஏறுகிறது. பயம்தான் செங்குத்தாக ஏறுகிறது. 1948-ல் ஜட்சன் பிரவுன் எலிக்கு வார் மாட்டி, எத்தனை கிராம் விசையோடு இழுக்கிறது என்றே அளந்தார். நண்பருக்கு மாட்டியிருந்தால் அங்காசாபுரியில் ரயிலே பின்னால் போயிருக்கும்.

நண்பருக்கு ஷாக் வைத்தது யார்? காலேஜில் ஒருத்தி. மூன்று பக்கக் கடிதத்தைப் படித்துவிட்டு, "நன்றி அண்ணே" என்றாள்.

அவர் தனியாளும் அல்ல. 1987-ல் ஹேசன், ஷேவர் இருவரும் டென்வர் நாளிதழ் ஒன்றில் வெளிவந்த காதல் கேள்வித்தாளுக்கு வந்த 620 பதில்களைப் பிரித்துப் பார்த்தார்கள். நெருங்கினாலே நெளிகிறவர்கள் நான்கில் ஒருவர். கொமுட்டரில் ஒரு பெட்டிக்கு எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேஎல் சென்ட்ரலில் இறங்கியவர் கழிவறையில் இரண்டு தடவை தலை சீவினார். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு, "அவசர வேலை வந்திருச்சு, சாரிம்மா" என்று தட்டிவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினார்.

தூரம் கூடினால் முதலில் இறங்குவதும் பயம்தான். ஷா ஆலம் தாண்டுவதற்குள் ஆசை மட்டும் மிச்சம்: "அடுத்த ஞாயிறு கட்டாயம் வரேன்!"

பாடாங் ஜாவாவில் பதில் வந்தது. "பரவால்ல. நானும் இன்னும் வீட்டுலதான் இருக்கேன்."

நண்பருக்கு வந்ததே கோபம். "என்ன பொண்ணு இது! சொன்ன நேரத்துக்குக் கிளம்பக்கூட இல்லையே?"