வெங்காரப் பண்டிதர்

சேலம் பக்கம் தட்டுவடை செட் கடை எங்கே இருக்கிறதோ, அங்கே ஒரு பண்டிதரும் இருப்பார். ஊருக்கு ஒருவர் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகிவிடும். தெருவுக்கு ஒருவர் தேறுவார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தறிப்பட்டறையை மகனிடம் ஒப்படைத்திருப்பார். அல்லது லாரியை விற்றுவிட்டு, கட்டிவிட்ட லைன் வீடுகளின் வாடகையில் காலத்தை ஓட்டிக்கொண்டிருப்பார். காதில் மாட்டும் ஒயர் என்று ஒன்று இருப்பதை அவர் ஏற்றுக்கொள்வதில்லை. அவர் வீடியோ பார்த்தால் கடையே பார்த்தாக வேண்டும். தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட் துருவலை வைத்துக்கொண்டிருக்கும் கடைக்காரர் உட்பட.

இவருக்கு அறிவியலில் நம்பிக்கை இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. நம்பிக்கை வேண்டிய மட்டும் இருக்கிறது. பொறுமைதான் இல்லை. பத்து நாளைக்கு முன்பு வரை சிறுதானியத்தில் இருந்தார். அதற்கு முன்பு சூரியப் புயல். இப்போது போரான்.

வீடியோவில் குறை ஒன்றும் கிடையாது. வேதியியல் வாத்தியார் ஒருவர், கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் மாட்டிக்கொண்டு, போராக்ஸைப் பற்றிப் பொறுமையாகப் பேசுகிறார். நம் நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் என்று கேட்டால் கொடுப்பார்களே, அதே சரக்கு. 1808-இல் இங்கிலாந்தில் டேவி ஒரு பக்கமும், பிரான்சில் கே-லுசாக்கும் தெனாரும் இன்னொரு பக்கமுமாக போரான் என்ற தனிமத்தைப் பிரித்தெடுத்த கதையில் ஆரம்பித்து, போரிக் அமிலம், பச்சைத் தீ, பிள்ளைகள் விளையாடும் ஸ்லைம் என்று போகிறது. பண்டிதர் இதை ஒழுங்காக உட்கார்ந்து பார்த்திருந்தால் எனக்கு எழுத விஷயம் இருந்திருக்காது. வாத்தியார் ‘வரலாறு’ என்றால் அவர் கட்டைவிரல் திரையைத் தள்ளும். ‘காரணம்’ என்றால் தள்ளும். ‘எச்சரிக்கை’ என்றால் இரண்டு தரம் தள்ளும். மிச்சம் இருந்ததைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, “இது நம்ம ஊர்லயே கிடக்குதுப்பா” என்றார்.

எங்கே கிடக்கிறது என்று கேட்க ஒரு ஆள் எப்போதும் இருப்பார்.

“வெள்ளக்கல்லு! ஏர்க்காடு அடிவாரத்துல மலை மலையா வெள்ளையா கிடக்குதே, என்னன்னு நெனச்ச? அத்தனையும் இதுதான். வெள்ளைக்காரன் சும்மாவா வந்து தோண்டுனான்?”

சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பெஞ்சின் ஓரத்தில் தட்டுவடையை நொறுக்கிக்கொண்டிருந்தார். “அது மேக்னசைட்டுங்க. உலைக்குள்ளாற அடுக்கற கல்லு செய்ய எடுக்கறது. போராக்சு நம்ம நாட்டுல லடாக் பக்கம் புகாங்கற எடத்துல, வெந்நீர் ஊத்துக்கிட்ட கிடக்குதாமா. ஒலகத்துக்கே துருக்கியிலதான் அதிகமாம்.”

“அதைத்தான் நானும் சொன்னேன்” என்றார் பண்டிதர்.

இந்த வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பண்டிதர் இனத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ள இதைவிட நல்ல குறி இல்லை.

மறுநாள் காலை அவர் கால் வைத்த இடம் கேரம் கிளப். போர்டில் தூவுகிற பவுடர் போரிக் அமிலம் என்று தெரிந்த மாத்திரத்தில், பையன்கள் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கிவிட்டார். “விஷம்டா இது! கரப்பான்பூச்சியே செத்துப்போவுது!” கரப்பான் சாவது வாஸ்தவம். மைதா மாவு, சர்க்கரையோடு போரிக் பவுடரைப் பிசைந்து அடுப்படி மூலையில் உருட்டி வைப்பது அவர் வீட்டு அம்மாவே வருஷக்கணக்காகச் செய்துவரும் வேலை. அதைப் பண்டிதர் கவனித்ததில்லை. வீடியோவில் வந்தால்தான் அவருக்குக் கரப்பானும் கண்ணில் படும்.

அந்தப் பவுடர் ஏன் வழுக்குகிறது என்பதை வாத்தியார் அழகாகச் சொல்லியிருந்தார். போரிக் அமில மூலக்கூறுகள் தட்டையானவை. ஒன்றோடொன்று கைகோத்து அடுக்கு அடுக்காகப் படிகின்றன. ஒரே அடுக்குக்குள் பிடிப்பு உண்டு. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பிடிப்பு மிகக் குறைவு. அதனால் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகிறது, அதன்மேல் ஏறி ஸ்ட்ரைக்கரும் சறுக்குகிறது. மரிய இருதயம் கேரமில் இரண்டு தடவை உலக சாம்பியன் ஆனதில் இந்தச் சறுக்கலுக்கும் ஒரு பங்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பண்டிதர் அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டிருந்தார். ஒரு வாரம் கழித்து அவர் அம்மா, “உனக்குச் சின்ன வயசுல கண்ணுல கட்டி வந்தப்ப போரிக் பஞ்சுலதானடா ஒத்தடம் குடுத்தேன்” என்று சொன்ன பிறகு டப்பா திரும்பி வந்தது. வரும்போது, “அளவா தூவுங்கடா, மருந்து அது” என்ற உபதேசமும் சேர்ந்து வந்தது.

தென்னை மரத்துக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போரான் குறைந்தால் தென்னையில் இளங்கீற்று பிரியாமல் ஒட்டிக்கொள்ளும், பிஞ்சு கொட்டும். அதற்கு போராக்ஸ் வைப்பது வேளாண்துறை சொல்லும் வைத்தியம்தான், கிராம் கணக்கில். பண்டிதர் படிக் கணக்கில் வைத்தார். செடிகொடிகளுக்கு போரான் போதாமைக்கும் மிகுதிக்கும் நடுவே இருக்கிற இடைவெளி ரொம்பச் சின்னது. மட்டை நுனியெல்லாம் காய்ந்து கருகியது. “மருந்து வேலை செய்யுது, பாரு” என்று அண்ணாந்து காட்டினார்.

நாமக்கல் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுதான் அவருக்குச் சரியான ஆள் கிடைத்தார். பந்தியில் பக்கத்து இலைக்காரர் கோழிப்பண்ணைக்காரர். கோடிக்கணக்கில் கோழிகள் இருக்கும் மாவட்டத்தில் பக்கத்து இலையில் பண்ணைக்காரர் வந்து உட்காராவிட்டால்தான் அதிசயம். பண்டிதர் பாயசம் வருவதற்குள் போனை எடுத்து ஸ்லைம் பகுதியைக் காட்டினார். வெள்ளைப் பசையில் போராக்ஸ் கரைசலை விட்டதும் அது திரண்டு, இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குகிறது. பசையில் நீள நீளமாகக் கிடக்கும் மூலக்கூறுகளுக்கு நடுநடுவே போரேட் புகுந்து முடிச்சுப் போடுவதால் நடக்கும் காரியம். பண்டிதருக்கு அதில் வேறொன்று தெரிந்தது.

“பாத்தீங்களா? இதாங்க வெள்ளக்கரு. பிளாஸ்டிக் முட்டை இப்படித்தான் பண்றாங்க.”

பண்ணைக்காரர் கை இலையிலேயே நின்றது. 2017-இல் கொல்கத்தாவில் பிளாஸ்டிக் முட்டை என்று கிளம்பிய புரளி இந்தியா முழுக்கச் சுற்றியது. முட்டைக்காரர்களிடம் அந்தப் பேச்சை எடுப்பது அவ்வளவு நல்லதல்ல. ஆனால் அவர் கோபப்படவில்லை. நாமக்கல் மனிதர்கள் முதலில் கணக்குத்தான் போடுவார்கள்.

“ஏனுங்ண்ணா, இந்தப் பசை கிலோ என்ன வெலைங்க?”

பண்டிதருக்குத் தெரியவில்லை.

“சரி உடுங்க. பசை வாங்கோணும். பொடி வாங்கோணும். கலக்கறதுக்கு ஆளு. அப்பறம் மஞ்சக்கரு தனியா செய்யோணும். அதை வெள்ளக்கருவுக்கு நடுவுல நிக்க வெக்கோணும். சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு. அதுக்கு மேல ஓடு, ஒரு எடத்துலயும் ஒட்டு தெரியாம. இத்தனையும் செஞ்சு, மக்காச்சோளமும் சோயாவும் தின்னுட்டு என்ற கோழி போடற முட்டையைவிடக் கம்மி வெலைக்கு விக்கோணும். அப்படித்தானுங்களே?”

“சைனாக்காரன் செய்வான்” என்றார் பண்டிதர். விலாசம் தெரியாத கேள்விகளையெல்லாம் அவர் அந்த நாட்டுக்குத்தான் அனுப்பிவைப்பார்.

“அப்படி ஒரு ஆளு இருந்தாக் கூட்டியாங்கண்ணா, நானே சம்பளம் போட்டு வெச்சுக்கறேன். தீவனம் வெலை ஏறுனா எனக்கென்ன? பறவைக் காய்ச்சல்னு கேரளாக்காரன் லாரியை நிறுத்துனா எனக்கென்ன? கோழியே இல்லாத முட்டைப் பண்ணைங்க! சாமி கண்ண மூடிட்டு இருக்கறப்பவே இத்தன குடுத்தவரு, தொறந்தா இதையுமா குடுப்பாரு?” என்று சொல்லி, பாயசத்தை இலையில் வாங்கி அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டார்.

“அதைத்தான் நானும் சொன்னேன்” என்று பண்டிதர் சொன்னதாகக் கேள்வி. எதைச் சொன்னார் என்று பந்தியில் யாருக்கும் புரியவில்லை.

அடுத்தது பச்சைத் தீ. வீடியோவின் உச்சகட்டமே அதுதான். போரிக் அமிலத்தோடு சுத்தமான ஆல்கஹாலையும் அடர் கந்தக அமிலத்தையும் சேர்த்துப் பற்ற வைத்தால், தீயின் விளிம்பு இலைப்பச்சையாக எரியும். பிளஸ் டூ வேதியியல் புத்தகத்திலும் இருக்கிற சமாச்சாரம். போரேட் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அந்தப் பச்சைதான் சாட்சி. பண்டிதருக்கு ‘ஆல்கஹால்’ என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அது எந்தக் கடையில் கிடைக்கும் என்பதில் நம் மாநிலத்தில் யாருக்கும் சந்தேகம் வராது.

தறிப்பட்டறைக்குப் பின்னால், சாயங்கால நேரம். சாட்சிக்கு நாலு பேர். குவார்ட்டர் பாட்டிலைத் தானம் கொடுத்தவர் ஒரு மேஸ்திரி. கூலியில் வாங்கியது. பண்டிதர் இரும்புச் சட்டியில் கேரம் பவுடரைக் கொட்டி, பாட்டிலைத் திறந்து முழுக்கக் கவிழ்த்தார். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவதில் ஏதோ நீலமாக ஒரு தீ, இருக்கட்டுமா போகட்டுமா என்று யோசித்துவிட்டு, போய்விட்டது.

பாட்டில் லேபிளிலேயே விடை இருந்தது. நூற்றுக்கு 42.8 பங்குதான் ஆல்கஹால், மீதியில் பெரும்பங்கு தண்ணீர். பச்சை காட்டுவது போரிக் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டாகும் எஸ்டர். தண்ணீர் நிறைய இருந்தால் அது உருவாகவே விடாது, உருவானதையும் பிரித்துவிடும். கந்தக அமிலம் அங்கே நிற்பதே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளத்தான். அதை வாத்தியார் சொன்ன இடத்தில் கட்டைவிரல் தன் வேலையைச் செய்திருந்தது. ஒரு விதத்தில் நல்லதாய்ப் போயிற்று. முழுக்கக் கேட்டிருந்தால் பட்டறைக்குள் கந்தக அமிலம் வந்திருக்கும்.

பண்டிதர் சட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். “சரக்கு டூப்ளிகேட்டு.”

“குடிச்சுப் பாத்திருந்தா நானே சொல்லியிருப்பேனுங்களே” என்றார் மேஸ்திரி. அவர் குரலில் இருந்த துக்கத்தை என்னால் எழுத முடியவில்லை.

பண்டிதரின் அக்கா மகள் ராசிபுரம் பக்கம் விடுதிப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். மார்க்குக்காகப் பிள்ளைகளை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட மதுரையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் பெற்றோர் பெட்டியோடு வந்த காலம் ஒன்று உண்டு. பொங்கல் லீவுக்கு வந்த பெண்ணிடம் பண்டிதர் வாயைக் கொடுத்தார்.

“மாமா, போரிக் ஆசிட்ல மூணு ஓஎச் இருக்குதுல்ல? அப்பறம் ஏன் அது ஒத்தக் காரத்துவ அமிலம்?”

பண்டிதர் மீசையைத் தடவினார்.

“அது மத்த ஆசிட் மாதிரி புரோட்டான் குடுக்கறதில்ல மாமா. தண்ணியில இருந்து ஒரு ஓஎச்ச வாங்கிக்குது, அவ்வளவுதான். எங்க மிஸ் சொல்வாங்க, மொய் வைக்காம பந்தியில மட்டும் உட்கார்றவங்க மாதிரின்னு. அதுவும் ஒரே ஒரு இலைதான்.”

வீட்டில் எல்லோரும் பண்டிதரைப் பார்த்தார்கள். ஏன் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். “அது உங்க சிலபஸு. நான் பிராக்டிகல் ஆளு” என்று சொல்லி எழுந்துகொண்டார். டைபோரேனில் இரண்டு போரான்களுக்கு நடுவே ஹைட்ரஜன் பாலம் போட்டு நிற்கும், அந்த வளைவை பனானா பாண்ட் என்பார்கள் என்று அவள் ஆரம்பித்தபோது மட்டும் வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. “பூவனா, ரஸ்தாளியா?”

அவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவர் இல்லாவிட்டால் கேரம் போர்டு, கரப்பான் உருண்டை, தென்னங்கீற்று மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தட்டுவடைக் கடையில் யாருக்குத் தெரிந்திருக்கும்? நானே அந்த வீடியோவை அவர் தள்ளிவிட்ட இடங்களுக்காகத்தான் திரும்பப் பார்த்தேன்.

செவ்வாய்பேட்டையில் எனக்குத் தெரிந்த கொலுசுப் பட்டறைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனது என் யோசனை. பண்டிதருக்கும் சந்தோஷம். சேலத்து வெள்ளிக் கொலுசு இந்தியா முழுக்கப் போகிறது, அதைச் செய்கிறவர்களுக்கே விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு. பட்டறைக்காரர் வெங்காரத்தோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்துகிறவர். வெள்ளியைச் சூடாக்கும்போது உள்ளே கலந்திருக்கும் செம்பு காற்றோடு சேர்ந்து கறுக்கும். கறுத்த இடத்தில் பற்றவைக்கும் பொடி உருகி ஓடாது. வெங்காரம் உருகி அந்தக் கறுப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டால்தான் ஒரு வளையத்தோடு அடுத்த வளையம் சேரும். பண்டிதர் பொடி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் பொடி வைத்து ஊதிக்கொண்டிருந்தார்.

போனை வாங்கிக் கால் முட்டியில் சாய்த்து வைத்துக்கொண்டு, முதலிலிருந்து பார்த்தார். டேவியைப் பார்த்தார். எச்சரிக்கையைக் கேட்டார். வாத்தியார் வெங்காரக் கட்டியை அப்படியே தீயில் காட்டியதும் அது பொரிந்து ஊதிப் பெருத்த இடத்தில் நிறுத்தினார். பண்டிதர் குனிந்து, “தண்ணிங்க. அதோட எடையில கிட்டத்தட்ட பாதி தண்ணிதான். அது வெளிய போவுது” என்றார். எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. அந்த ஒரு இடத்தை அவர் தள்ளாமல் பார்த்திருக்கிறார்.

பட்டறைக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “படிச்ச பையன், நல்லாத்தான் சொல்றான். ஆனா பச்சை வெங்காரத்தை இப்படிப் போட்டா பொங்கி, வெச்ச பொடிய எல்லாம் தூக்கிட்டுப் போயிரும். மொதல்லயே பொரிச்சு வெச்சுக்கோணும். இல்லாட்டி கல்லுல தண்ணி விட்டு ஒரசி, கொழம்பாத் தடவோணும்.”

“அதைத்தான்” என்று ஆரம்பித்தார் பண்டிதர்.

பட்டறைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். “இருங்க, இன்னும் முடியல” என்று சொல்லிவிட்டு, மிச்சத்தையும் பார்த்து முடித்தார்.