அக்காவும் சிகிரியா அடிவாரக் குகைகளும்

1982இல் எங்கள் பாடசாலைச் சுற்றுலா பஸ் நள்ளிரவு தாண்டித்தான் பொகவந்தலாவையை விட்டுப் புறப்பட்டது. ஹட்டன், நாவலப்பிட்டி, கண்டி, மாத்தளை என்று மலையை விட்டு இறங்கிக்கொண்டே போனோம். விடிந்து வெயில் ஏறிய நேரத்தில், காட்டுக்கு நடுவே தனியாக நின்றது சிகிரியாக் குன்று. நாலாயிரம் அடிக்கு மேலே, பனிமூட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வெயில் புதுசு. ஏற்றம் புதுசில்லை. ஏறக்குறைய 1200 படிகள் என்று ஆசிரியர் சொன்னபோது நாங்கள் யாரும் மலைக்கவில்லை. படி வெட்டிவைத்த மலையை நாங்கள் மலையாகவே எண்ணியதில்லை. தோட்டத்தில் கொழுந்து மலைக்குப் போகிற குறுக்குப்பாதைக்கு யார் படி வெட்டினார்கள்?

ஓடியே ஏறினோம். ஓவியங்கள், கண்ணாடிச் சுவர், சிங்கத்தின் கால்கள், காற்று அடித்துத் தள்ளும் அந்த இரும்புப் படிகள் எல்லாம் மூச்சிரைப்புக்கு நடுவே கண்ணில் பட்டவை. உச்சியில் காசியப்பன் அரண்மனையின் செங்கல் அடித்தளமும் பாறையில் குடைந்த குளமும். அங்கேயே உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். 477 முதல் 495 வரை ஆண்ட ஒரு அரசன், 180 மீட்டர் உயரப் பாறையின் தலையில் வீடு கட்டிக்கொண்டான் என்பதுதான் ஆசிரியர் சொன்ன கதை. நாங்கள் போன அதே ஆண்டில் யுனெஸ்கோ அந்த இடத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. எங்களோடு வந்த பிள்ளைகளில் பலருடைய குடும்பங்கள் இன்னும் எந்த நாட்டின் குடியுரிமைப் பட்டியலிலும் சேராமல் இருந்தன.

அக்கா அந்த பஸ்ஸில் வரவில்லை. அவள் அதற்குள் தோட்டத்தில் பேர் பதிந்துவிட்டாள். காலையில் ஆள் எடுக்கும் பிரட்டு, பிறகு கொழுந்து பறிக்கும் நிரை, மத்தியானம் கொழுந்து நிறுக்க இறங்கி மறுபடி ஏற்றம், சாயந்தரம் இன்னொரு நிறுவை. பெண்ணாளுக்கு ஆணாளைவிடக் குறைந்த நாட்சம்பளம் கொடுத்த காலம் அது. 1984இல்தான் அது சமமானது. நான் திரும்பி வந்த இரவு, “மேல என்னா இருந்துச்சு?” என்று கேட்டாள். சொன்னேன். “சரி, பெறகு பாத்துக்கலாம்” என்றாள்.

அடுத்த ஆண்டு ஜூலைக் கலவரம் வந்தது. அதற்குப் பிறகு நெடுங்காலம் எங்கள் லயத்து வரிசை வீடுகள் பக்கம் யாரும் சுற்றுலா என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஹட்டனுக்குப் போய் வருவதே பயணமாக இருந்தது.

அந்தப் ‘பெறகு’ வந்து சேர்ந்தபோது அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது. முப்பது வருடத்துக்கு மேல், பதினெட்டு இருபது கிலோ கொழுந்தை முதுகில் வைத்து, நெற்றியில் கயிறு அழுந்த, ஈரக் கானைத் தாண்டி ஏறி இறங்கிய முழங்கால். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்தில்தான் முழங்கால் தேயும். உடம்பின் எடையைப் போலப் பல மடங்கு பாரம் மூட்டில் விழுவது கீழே கால் வைக்கும்போதுதான். தேயிலை மலையில் பாரம் கூடுவதும் இறக்கத்தில்தான்: வெறுங்கூடையோடு மேலே போகிறவள் நிறைகூடையோடு கீழே வருகிறாள். எங்கள் தோட்டங்களில் ஐம்பது கடந்த பெண்களில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பாதவர்கள் குறைவு. இந்த மலைநாட்டில் அவர்களைப் போல ஏறியவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் அவர்களை மலையேறிகள் என்று யாரும் சொன்னதில்லை. அது எனக்கு ஆறாத வருத்தம்.

“சிகிரியாவுக்குப் போவமா?” என்று அவளே கேட்டாள். அவள் மகள் தடுத்தாள். வைத்தியர் தடுக்கவில்லை, உச்சிக்கு ஏற வேண்டாம், அடிவாரத்தில் ஆறுதலாக நடக்கலாம் என்றார். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வை, கையில் ஒரு கம்பு வைத்துக்கொள் என்றும் சொல்லிக்கொடுத்தார். வேன் பேசினோம். வெயிலுக்கு முன்னே போய்ச் சேரும்படி முதல் நாளே தம்புள்ளையில் தங்கினோம்.

பதினாறு வயதில் நான் ஓடிக் கடந்த இடங்களை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். முதலில் நீர்த்தோட்டம். சமதளமான பாதை, இரு பக்கமும் குளங்கள். அங்கிருக்கும் நீரூற்றுகள் மழைக்காலத்தில் இன்றைக்கும் தண்ணீர் பீச்சுகின்றன. அதைத் தாண்டினால் பெரும் பாறைகள் சிதறிக் கிடக்கும் கற்பாறைத் தோட்டம். பாறைகளின் மேலே வரிசை வரிசையாக வெட்டுத் தடங்கள். செங்கல் சுவர் வழுக்காமல் உட்கார வெட்டியவை. அந்தப் பாறைகளின் அடியில்தான் குகைகள். காசியப்பன் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டையொட்டி, பிக்குகள் தங்கிய குகைகள். முப்பது வரை இருக்கின்றன. நாகபடக் குகைக்குச் சில படிகள்தான். அதன் பாறை பாம்பு படமெடுத்ததைப் போலக் கவிந்து நிற்கிறது. கூரையில் பழைய வர்ணத்தின் மிச்சம் இருக்கிறது. குகையின் நெற்றியில் தலைவன் ஒருவனின் பெயரைச் சொல்லும் பிராமி எழுத்து.

அக்கா எழுத்தைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே, குகை வாயின் நீளத்துக்கும் பாறையில் ஓடிய வெட்டைப் பார்த்தாள். “இது எதுக்கு?” பாறையில் வழிந்து வரும் மழைத்தண்ணீர் உள்ளே போகாமல், அந்த விளிம்பில் தடைபட்டு வெளியே சொட்டுவதற்காக வெட்டியது என்றேன். இலங்கையில் பிக்குகள் தங்கிய குகை எதுவென்று அடையாளம் காண ஆய்வாளர்கள் முதலில் தேடுவது இந்த வெட்டைத்தான். அவள் கம்பை ஊன்றி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

“ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னுக்கே, தங்குற ஆளு நனையக்கூடாதுன்னு ஒருத்தன் நெனச்சிருக்கான் தம்பி. நம்ம லயத்துக்கு அத நெனக்க ஆளில்லாமப் போச்சே.”

நான் படித்த எந்தப் புத்தகமும் அந்த வெட்டை எனக்கு இவ்வளவு சரியாக விளக்கவில்லை.

உச்சியில் இருப்பது ஒரு அரசனின் பதினெட்டு வருடம். அடிவாரத்தில் இருப்பது மனிதர்களின் வாழ்க்கை. குன்றின் கிழக்குப் பக்கத்தில் ஆலிகல என்ற பாறை ஒதுக்கு இருக்கிறது. ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வேட்டையாடி வாழ்ந்தவர்கள் தங்கியிருக்கிறார்கள். வாழ இடம் தேடியவர்கள் நிழலையும் தண்ணீரையும் கிட்டத்தில் வைத்துக்கொண்டார்கள்; உச்சியைத் தேடவில்லை. உச்சிக்குப் போக முடியாவிட்டால் சிகிரியாவுக்குப் போய்ப் பயனில்லை என்று நினைத்து வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள் நம் பெரியவர்கள். அவர்களுக்கு யாராவது இந்த அடிவாரத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். இப்படியான இடங்களில் கைபிடிக்க ஒரு கம்பியும், முப்பது அடிக்கு ஒரு கல்லிருக்கையும் இருந்தால் இன்னும் எத்தனையோ பேர் வருவார்கள். அன்றைக்குக் குன்றில் தேன்கூடுகள் தொங்கியதை அக்காதான் முதலில் கண்டாள். சத்தம் போடாதீர்கள் என்ற பலகைக்கு முன்பே அவள் எங்களை அடக்கிவிட்டாள். கொழுந்து மலையில் குளவி கலைந்து ஆட்கள் விழுந்ததைப் பார்த்தவள்.

ஓவியங்களைப் பார்க்க முடியாதது அவளுக்குக் குறைதான். அவை பாதி உயரத்தில் இருக்கின்றன. கண்ணாடிச் சுவரில் பல நூற்றாண்டுகளாக வந்து போனவர்கள் பாட்டெழுதி வைத்ததையும், அதில் 685 பாடல்களை வாசித்துத் தொல்லியலாளர் பரணவிதான 1956இல் புத்தகமாக்கியதையும், எழுதியவர்களில் பெண்களும் உண்டு என்பதையும் கீழே உட்கார்ந்தே சொன்னேன். பெண்கள் என்றதும் இன்னொரு முறை கேட்டாள்.

மறுநாள் தம்புள்ளைக் குகைக் கோயில். அங்கேயும் படிகள்தான், ஆனால் நடுவே நின்று இளைப்பாற விரிந்த பாறை இருக்கிறது. நல்ல கால், பிறகு வலிக்கிற கால். நின்று, உட்கார்ந்து, கோயில் குரங்குகளோடு பேசி, ஏறிவிட்டாள். ஐந்து குகைகளிலும் கூரை முழுக்க ஓவியம். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், அநுராதபுரத்தை இழந்த வலகம்பா மன்னன் ஒளிந்திருந்த இடம் என்பது ஐதீகம்; இப்போது காணும் ஓவியங்களில் பெரும்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் புதுப்பித்தவை.

வெளியே வந்து வடக்கே கையைக் காட்டினேன். அந்தச் சமவெளி வழியாகத்தான் நம்முடைய ஆட்கள் வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்கென்று, மன்னார்க் கரையில் இறங்கி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை இருநூறு கிலோமீட்டருக்கு மேல் காட்டுப்பாதையில் நடந்து வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களின் எலும்பு அந்தப் பாதையோரம் கிடக்கிறது. இந்தக் குகைகளின் அடியில் கடந்து போனவர்களுக்கு மேலே ஏறிப் பார்க்க நேரமும் இருந்திருக்காது, கங்காணி விட்டிருக்கவும் மாட்டான். அக்கா அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள்.

எங்களுக்குக் கிட்டத்திலும் ஒரு குகை இருக்கிறது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கீழே இறங்கினால் கித்துல்கல. அதற்குப் பக்கத்தில் பெலிலென. தொல்லியலாளர் சிரான் தெரணியகல அகழ்ந்த இடம். முப்பதாயிரம் ஆண்டுப் பழைமையான நுண்கற்கருவிகள் அங்கே கிடைத்தன. கருகிய காட்டுப் பலாவும் காட்டு வாழையும் கிடைத்தன. கடற்கரையிலிருந்து உப்பு கொண்டுவந்ததற்கான தடயமும் கிடைத்தது. கடலிலிருந்து அந்த மலைக்கு உப்பைச் சுமந்தவன் கால்நடையாகத்தான் வந்திருப்பான். அந்த உப்புக் கதையை அக்கா லயத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். பெலிலெனவின் ஏற்றம் அவளுக்கு ஆகாது. பேரன் போய்ப் படமெடுத்து வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

இப்போது அவளோடு கொழுந்து பறித்த பெண்கள் தங்களுக்குள் ஒரு வேன் பேசுகிறார்கள், தைப்பொங்கல் கழிந்து போவதற்கு. நீர்த்தோட்டம், நாகபடக் குகை, மறுநாள் ஏற முடிந்தவர்களுக்குத் தம்புள்ளை. ஏற முடியாதவர்களோடு கீழே யார் இருப்பது என்பது மட்டும்தான் இன்னும் முடிவாகவில்லை. நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.