திரை விலகிய இடத்தில் திருச்சபை

லண்டனில் பழைய சினிமா தியேட்டர்கள் தேவாலயங்களாகின்றனவாமே, நட்சத்திரங்களைக் கும்பிட்ட இடத்தில் ஆண்டவனைக் கும்பிட முடியுமா?

ஃபின்ஸ்பரி பார்க்கில் 1930-இல் திறக்கப்பட்ட அஸ்டோரியா, பார்வையாளர் திறந்த வெளியில் அமர்ந்திருப்பதாக உணரும்படி கட்டப்படும் 'சூழல் அரங்கு' வகையைச் சேர்ந்தது. உட்கூரையே நட்சத்திரங்கள் மின்னும் இரவு வானமாக அமைக்கப்பட்டதால், அங்கே தலை நிமிர்ந்தவருக்கு முதலில் தெரிந்தது நடிகரா, வானமா? 1967-இல் ராக் இசைக் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தம் கிதாருக்குத் தீ வைத்த அதே மேடையில், பிரேசிலில் தோன்றிய ஒரு பெந்தெகொஸ்தே சபை 1995 முதல் ஜெபக் கூட்டம் நடத்தி வருகிறது. தூண் மறைக்காத பார்வையும் கடைசி வரிசைவரை எட்டும் ஒலியும் படத்துக்கு எவ்வளவு தேவையோ, பிரசங்கத்துக்கும் அவ்வளவு தேவை. தொலைக்காட்சி வந்தபின் இத்தனை பெரிய கூடத்தை நிரப்பத் திரைப்படத்தால் இயலாதபோது, பூட்டிக் கிடந்து பாழாகவிருந்த கலைச்செல்வத்தை மீட்டுப் பேணியவர்கள் வழிபட வந்தவர்கள் என்பது மனமாரப் பாராட்டத்தக்கது.

தியேட்டரின் பொருள் எதுவும் தேவாலயத்துக்குப் பயன்படுமா?

கில்பர்னில் 1937-இல் திறக்கப்பட்டு, பின்னர் பிங்கோ எனும் எண் விளையாட்டுக் கூடமாகி, இப்போது ருவாக் சபையின் ஆலயமாக விளங்கும் கோமான்ட் ஸ்டேட் அரங்கில், குழாய்களில் காற்றைச் செலுத்தி இசைக்கப்படும் வுர்லிட்சர் ஆர்கன் இன்றும் இருக்கிறது. ஆர்கன் பல நூற்றாண்டுகள் தேவாலயங்களில் வளர்ந்து, ஊமைப்படக் காலத்தில் திரையரங்குக்குப் போன கருவியாதலால், அது வீடு மாறவில்லை, தாய்வீடு திரும்பியிருக்கிறது.