மதிலுக்குத் தெரியுமா மைக்ரான்?

பாறசாலைப் பக்கம் புதுக் கார் எடுத்தவர்களிடம் இப்போது மைலேஜ் கேட்கக் கூடாது, "பிபிஎஃப்பா, செராமிக்கா?" என்று கேட்க வேண்டும். முன்னது காரின் பெயிண்ட் மேல் ஒட்டும் பாலியூரித்தேன் படலம், சுமார் 200 மைக்ரான் தடிமன். பொடிக்கல் தெறித்தால் தாங்கும். மெல்லிய கீறல் வெயில் சூட்டில் தானே மறையும். செராமிக் சில மைக்ரான் பூச்சுதான். மழைத் தண்ணீர் உருண்டோடும், கல்லைத் தடுக்காது. கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் '9எச்', பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையில் வாங்கிய மதிப்பெண்.

நெய்யாற்றின்கரை ஊடுவழியில் எதிரே ஆட்டோ வந்தால் ஒதுங்க இடம் வெட்டுக்கல் மதில்தான். அது மதிப்பெண் பார்ப்பதில்லை.

ஆகவே, காரின் முழு உடம்புக்கும் படலம் ஒட்டிய அண்ணாச்சி, மேலே துணி உறையும் போர்த்தி, களியக்காவிளைக் கல்யாணத்துக்கு பஸ்ஸில் போகிறார்.