கதைய மெச்சுதவனுக்குக் கெழவன் சொல்லுத புத்தி

ஏலே பேராண்டி, கையில இருக்க அந்தச் சாமானக் கீழ வையி. கன்ட்ரோலரா? சரி, கன்ட்ரோலரக் கீழ வையி. ரெண்டு வார்த்த பேசணும்.

“எழுத்துன்னா விட்சர் எழுத்துதாம்ல, மத்ததெல்லாம் சும்மா”ன்னு நீ கூட்டாளிமாருட்ட போன்ல அளக்குததக் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். தப்பே இல்ல. அடுத்தவன் எழுதுனத நல்லாருக்குன்னு சொல்ல ஒரு மனசு வேணும், ஒனக்கு அது இருக்கு. ஆனா ஒரு சந்தேகம். அதுல வார ஆளுக வாயத் தொறந்த ஒடனே நீ பட்டன அமுக்கி அமுக்கிப் பேச்சத் தாண்டுதியே, அப்போ எந்த எழுத்த ராசா படிச்சே? மதினி சமையலப் புகழ்ந்துட்டு எலைய மூடி எந்திரிச்ச கதையால்லா இருக்கு!

‘தி விட்சர் 3: வைல்ட் ஹன்ட்’ 2015 மே 19ல வந்துச்சுன்னு நீதான் சொன்னே. போலந்து நாட்டுல, வார்சா பட்டணத்துல இருக்க சிடி ப்ரொஜெக்ட் ரெட் கம்பெனிக்காரனுவ அதுக்கு ஏறக்குறைய 4,50,000 சொல்லு எழுதியிருக்கானுவ. நாலு நாவலுக்குக் காணும். 2023க்குள்ள 5 கோடிப் பிரதிக்கு மேல வித்தாச்சு. வித்த கணக்கச் சொல்லும்போது ஒன் மொகத்துல இருந்த பெருமையப் பாத்தா, லாபத்துல பாதி ஒனக்கு வாரமாரி இருந்துச்சு. இருக்கட்டும். இம்புட்டு பேரு எதுக்குல மயங்குனானுவன்னு கேட்டா மட்டும், “கதை செமயா இருக்கும் தாத்தா”ன்னு ஒரே வரியில முடிச்சிருதே. வெளையாடுதது நீதான். பின்னால கட்டில்ல கெடந்து முழுக் கதையும் கேக்குதது நாந்தான். அதனால எதுக்கு மெச்சணும்னு நானே சொல்லுதேன், கேளு.

மொத சங்கதி, அந்தக் கூலிப் பேச்சு.

மாயாஜாலக் கதைன்னா நாயகன் ராசா மவனா இருப்பான், இல்லன்னா சாமி அனுப்புன ஆளா இருப்பான். இந்தக் கெரால்ட்டு யாரு? பேய் பிசாச அடிச்சுக் கூலி வாங்குதவன். நரச்ச தலையோட, முதுகுல ரெண்டு வாளச் சொருகிக்கிட்டு ஊருக்குள்ள வாறான். எஃகு வாளு மனுசனுக்கு, வெள்ளி வாளு பேய்க்கு. வந்த ஒடனே அறிவிப்புப் பலகையத்தான் பாக்கான். கெணத்தடியில என்னமோ அலையுது, வெரட்டுனாக் காசு தாறோம்னு ஒட்டியிருக்கானுவ. காசு தாரவன் வீட்டுக்கு நேராப் போயி, “எம்புட்டு தருவே?”ங்கான். அங்க நடக்குத பேரந்தான் எனக்கு உசுரு. நீ கூலிய ஏத்த ஏத்த, எதிர்ல இருக்கவனோட எரிச்சலும் ஒரு கோடாப் பக்கத்துல ஏறிக்கிட்டே வரும். அளவு தாண்டிக் கேட்டியோ, மூஞ்சியத் திருப்பிக்கிடுவான்.

இதையும் எழுத்துல சேத்துக்கோ. கூலி பேசுத எடத்துல மனுசன் கொணம் வெளிய வந்துரும்னு தெரிஞ்ச எவனோதாம்ல அத அமைச்சிருக்கான். ஊரு செத்துக்கிட்டிருக்கும்போது நாலு காசக் கொறைக்கப் பாக்குத பெரிய மனுசனும் அதுல இருக்கான். இல்லாதப்பட்டவன்கிட்ட “காசு வேண்டாம், நீயே வச்சுக்கோ”ன்னு சொல்லிட்டு வாரதுக்கும் எடம் விட்டிருக்கானுவ. நீ அந்த இல்லாதப்பட்டவன்கிட்டயும் கூலியக் கடைசி மட்டும் ஏத்துனதப் பாத்தேன். ஒங்க ஆச்சி கொணம் அப்பிடியே ஒனக்கு வந்திருக்கு.

ரெண்டாவது, சின்னச் சோலிய எளக்காரமா நெனைக்காதே.

வைட் ஆர்ச்சர்ட்டுன்னு ஆரம்பத்துல ஒரு ஊரு வரும்லா. நில்ஃப்கார்ட் பட்டாளம் வந்து எறங்கி நாடே பத்தி எரியுது. அங்க ஒரு கெழவி, பூட்டுன குடிச வாசல்ல நின்னுக்கிட்டு, “என் வாணலி உள்ள மாட்டிக்கிட்டு, எடுத்துக்குடு”ங்கா. ராட்சசன வெட்டுத வித்தைய வச்சுக் கதவ ஒடச்சு வாணலிய எடுத்துக் குடுக்கான் நம்மாளு. உள்ள போருக்கு நடுவுல நடந்த வேற ஒரு காரியத்தோட தடமெல்லாம் கெடக்கு. கெழவிக்கு அதப்பத்தி என்ன? ராசா மாறுனாலும் அடுப்புல ஏத்துததுக்கு வாணலி வேணும். போர்னா என்னன்னு பக்கம் பக்கமா எழுதுதவன விட, அந்த வாணலிய எழுதுனவன் கெட்டிக்காரன்.

அப்புறம் அந்த ஆடு. வெலன் சீமையில ஒரு மந்திரிக்கிறவன், “எங்க இளவரசியக் காணோம்”னு அழுது பொலம்புவான். பாத்தா இளவரசிங்கது ஒரு வெள்ளாடு! மணிய ஆட்டிக்கிட்டே முன்னால போகணும், அது பின்னால வரும். மணிச் சத்தம் நின்னா ஆடும் நின்னுரும். காட்டுக்குள்ள கரடி வேற. நீ விழுந்து விழுந்து சிரிச்சே, நானும் சிரிச்சேன். ஆனா அதே மந்திரிக்கிறவன் பின்னால ஒரு ராத்திரி, செத்தவங்க ஆவியக் கூப்பிட்டுப் படையல் போடுதான். அங்க வந்து நிக்குத ஆவி அவன் பெத்த அப்பன். கொன்னதே இவந்தான்னு அப்பத்தாம்ல தெரியுது. சிரிக்க வச்ச ஆளையே திரும்பக் கூட்டிட்டு வந்து வயித்தப் பெசைய வைக்கான் பாரு, அங்கதான் நீ கன்ட்ரோலர வச்சிட்டுக் கைதட்டியிருக்கணும். நீ என்ன செஞ்சே? “அடுத்த குவெஸ்ட் எங்க?”ன்னு மேப்பத் தொறந்தே.

அந்தப் படையல் அவனுவ சும்மா புடிச்சதில்ல. ‘ஜியாடி’ன்னு அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். ஆடம் மிஸ்கியெவிச்னு அந்த ஊருப் பெரிய கவிஞர் 19ஆம் நூத்தாண்டுலயே அத வச்சு நாடகம் எழுதிட்டாரு. 2015 அக்டோபர்ல இந்தக் கேமுக்கு ஒட்டுக் கதையா வந்த ‘ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்’ இருக்குல்லா, அதுவும் பாட்டிமாரு கததான். ட்வார்தோவ்ஸ்கின்னு ஒரு பிரபு பிசாசுகிட்ட ஆன்மாவ வித்துட்டு, “ரோம்ல வச்சு மட்டுந்தான் எடுத்துக்கிடலாம்”னு பத்திரத்துல ஒரு சரத்தப் போட்டுட்டு, ரோமுக்கே போகாமத் திரிஞ்சாரு. கடைசியில ‘ரோம்’னு பேரு வச்ச சத்திரத்துல வசமா மாட்டிக்கிட்டாரு. கேம்லயும் அதே சோலி: நிலாவுல நிக்கும்போதுதான் பாக்கி தீரும்னு சரத்து. கடங்காரன் ஆகாசத்தப் பாத்துக்கிட்டே தெனாவெட்டா இருக்கான். பாத்தா, அவன் நிக்குத கோயில் தரையில நிலாப் படம் பதிச்சிருக்கு! போலந்துக்காரன் பாட்டி கதைன்னா “லோர்”னு வாயப் பொளக்குதே. நம்ம ஆச்சி ஆடி அமாவாசைக்கு எதுக்குப் படையல் வைக்கான்னு சொல்ல வந்தா, “சார்ஜ் போடணும்”னு எந்திரிச்சிருதே.

இப்போ பாரன் கதைக்கு வா. நீங்கல்லாம் ‘ப்ளடி பாரன்’னு தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுதியள்லா, அது.

வெலன்லயே க்ரோஸ் பெர்ச்னு ஒரு கோட்ட. அதுல தானா வந்து ஒக்காந்து பாரன்னு பேரு வச்சுக்கிட்ட பட்டாளத்தான், ஃபிலிப் ஸ்ட்ரெங்கர். தொந்தி, தாடி, குடி. பொண்டாட்டி அன்னாவையும் மக தமாராவையும் காணோம், தேடிக்குடுத்தா ஒன் சிரில்லாவப் பத்திச் சொல்லுதேங்கான். கெரால்ட்டு வளப்பு மகளத் தேடி அலையுதவன், சரின்னுருதான். தேடப் போனாத்தான் முடிச்சு ஒவ்வொன்னா அவுருது. அவங்க காணாமப் போகல, ஓடிப் போயிருக்காவ. இவன் குடிச்சிட்டு அடிக்கவன். அப்பிடி ஒரு சண்டையில அன்னாவுக்குக் கரு கலைஞ்சு போச்சு. அத ஒரு பேரு வைக்காம, மொற செய்யாமப் பொதச்சிட்டான். அது எந்திரிச்சுப் பிசாசா அலையுது.

அத வெட்டிப் போட்டுறலாம், அது ஒரு வழி. இன்னொரு வழியில, பெத்தவனே அதக் கையில ஏந்தி வீட்டு வாசப்படி மட்டும் தூக்கிட்டு வரணும். ஊரையே மெரட்டுன அம்மாம் பெரிய மனுசன், அந்த அவலட்சணத்த நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ராத்திரியில நடக்கான். நடுவுல அது சிணுங்கி ஆங்காரம் எடுக்கும், கெரால்ட்டு மந்திரம் போட்டு அமத்தணும். கடைசியில வாசப்படியில குழி தோண்டி, ‘தேயா’ன்னு பேரு சொல்லி, எம் மகதான்னு ஒத்துக்கிட்டு உள்ள வைக்கான். அதுக்கப்புறம் அது வீட்டக் காக்குத ஆவியா மாறித் தொலைஞ்சவங்க தடத்தக் காட்டும். நீ இதுவரைக்கும் எத்தன ராட்சசன வெட்டியிருப்பே? அதுல ஒருத்தன் மூஞ்சியாவது ஞாபகம் இருக்கா? ஆனா அந்தக் குடிகாரன் நடந்த நட மறக்குமால?

இன்னொன்னு கவனிச்சியா? பாரன் அழும்போது ஒனக்கும் கண்ணு கலங்குச்சு. தமாரா வந்து அவ பட்டதச் சொன்னா, “இவனெல்லாம் ஒரு மனுசனா”ன்னே. அன்னாவுக்கு வேற ஒருத்தன் மேல மனசு போச்சு, அவன இவன் கொன்னான்னு கேட்டதும் திருப்பியும் கொழம்பிட்டே. பஞ்சாயத்துல ஒக்காந்தவனுக்குத் தெரியும், ரெண்டாவது ஆளு வாயத் தொறக்குத மட்டும் மொத ஆளு யோக்கியன். அத ஒனக்கு யாரும் வசனமா எழுதிச் சொல்லல. ஒன்னையவே மூணு தடவ தீர்ப்ப மாத்த வச்சுட்டான்.

இதுக்கு நீ எழுதுனவனுக்குச் செஞ்ச மரியாதைய இப்பச் சொல்லுதேன்.

சதுப்புக்காட்டுல மூணு சூனியக்காரிக இருக்காளுவ, அன்னா அவளுககிட்டதான் மாட்டிக் கெடக்கா. அவளுகளுக்குப் பயந்து, டவுன்வாரன் ஊர்த்தலைவரு தன் காதையே அறுத்துக் காணிக்கையாக் குடுத்தனுப்புதாரு. அங்க ஒரு ஓக் மரத்து வேருக்கடியில ஒரு ஆவி அடஞ்சு கெடக்கு. “என்னைய விட்டா, சூனியக்காரிகட்ட மாட்டுன அநாதப் புள்ளைகளக் காப்பாத்துதேன்”ங்குது. விட்டா, புள்ளைக பொழைக்கும். ஆனா டவுன்வாரன் ஊரு அழியும், அன்னா சாபத்துல செத்துப் போவா, பாரன் தூக்குல தொங்கிருவான். வெட்டுனா, அன்னா புத்தி பேதலிச்சாலும் உசுரோட இருப்பா. வைத்தியம் பாக்கலாம்னு பாரன் அவள மலைக்குக் கூட்டிட்டுப் போவான். புள்ளைக கதி அவ்வளவுதான். நல்ல வழின்னு ஒன்னு இல்லவே இல்ல. அதோட, மரத்தடியில செஞ்சதுக்குப் பலன் மரத்தடியிலயே வராது. நீ வேற சோலியப் பாத்து, மறந்து, நாளுகழிச்சுத் திரும்பி வரும்போது கயிறு தொங்கும். 2007ல வந்த மொத விட்சர்லயே இந்தச் சூத்திரத்தப் புடிச்சுட்டானுவ. முன்ன சேமிச்சு வச்ச பழைய சேவுக்கு ஓடிப் போயி மாத்துதவனத் தடுக்கணும்னே அமைச்ச பொறி.

நீ ஓடுனியே! பாரன் தொங்குனதப் பாத்ததும், “ஐயோ தாத்தா, இந்த என்டிங் வேண்டாம்”னு பழைய சேவத் தேடித் தொறந்து ராத்திரி முழுக்க முழிச்சிருந்து மாத்தினே. மாத்துனதும் புள்ளைக போச்சு. அதுக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே. எழுதுனவன் ராவும் பகலும் மண்டைய ஒடச்சு ஒன் தலையில ஒரு பாரத்த ஏத்தி வைக்கான். அத எறக்கி வச்சிட்டு வந்து, “என்னா எழுத்து!”ங்கே.

சரி, எழுதுனவன் பேராவது தெரியுமா? கெரால்ட்டு குதிர பேரு கேட்டா ‘ரோச்’னு ஒடனே சொல்லுதே. ஆளப் படைச்சவரு ஆந்த்ரேய் சாப்கோவ்ஸ்கி, 1948ல வூச் பட்டணத்துல பொறந்தவரு. வெளிநாட்டு வியாபாரத்துல வேல பாத்துக்கிட்டிருந்த மனுசன், ‘ஃபன்டாஸ்டிகா’ பத்திரிகைப் போட்டிக்கு ஒரு சிறுகத அனுப்புனாரு. மூணாம் பரிசுதான் கெடச்சது. 1986ல அச்சாச்சு, அப்புறம் நாவலா வளந்துச்சு. கேம்காரனுவ வந்தப்போ, இதெல்லாம் எங்க ஓடப்போகுதுன்னு நெனச்சு, லாபத்துல பங்கு வேண்டாம், ஒரே தொகையாக் குடுத்துருன்னு வாங்கிட்டாரு. ஓடுனதுக்கப்புறம் 2018ல 6 கோடி ஸ்வோட்டி கேட்டு வக்கீலக் கூப்பிட்டாரு. 2019 டிசம்பர்ல புது ஒப்பந்தம் போட்டுச் சமாதானமாச்சு. பைசா பைசாவாப் பேரம் பேசுத ஆளப் படைச்சவருக்கு, தன் சோலின்னு வந்ததும் பேரம் படியல பாத்தியா! அதுக்காகக் கேம்ல இருக்கதெல்லாம் அவரு எழுதுனதுன்னு நெனச்சிராதே. நாவலு முடிஞ்ச எடத்துக்கு அப்புறம் நடக்குத கதையிது. மார்சின் ப்ளாஹா, யாகுப் ஷமாவெக்னு ஒரு கூட்டமே ஒக்காந்து எழுதியிருக்கு. அந்தக் கூட்டத்தையும் சேத்துச் சொல்லு. அவனுவ காதுல விழாட்டாலும் பரவாயில்ல, சொல்லுதவனுக்கு அழகு.

கடைசியா ஒன்னு. வளப்பு மக உசுருக்கு ஆபத்துன்னு தேடிக் கெளம்புனவன, சத்திரத்துக்குச் சத்திரம் நிறுத்தி ‘க்வென்ட்’ சீட்டாட வைக்கியே, அத மட்டும் நான் கொற சொல்லமாட்டேன். சீட்டக் கண்டா எந்தக் கெழவன் கை சும்மா இருக்கும்? அந்த நரச்ச தலையனும் பாவந்தானே.

மெச்சு, நல்லா மெச்சு. ஆனா “செமயா இருக்கு”ன்னு சொல்லாதே. மரத்தடி ஆவிய விட்டியா வெட்டுனியா, ஏன் அப்பிடிச் செஞ்சேன்னு கூட்டாளிகிட்டச் சொல்லு. அவன் வேற மாரி செஞ்சிருப்பான், ரெண்டு பேரும் விடிய விடியச் சண்ட போடுங்க. எழுதுனவனுக்கு அதவிடப் பெரிய மால கெடையாது.

நானா இருந்தா என்ன செஞ்சிருப்பேனா? அந்த ஊர்த்தலைவர்ட்ட, “காது ஒன் கிட்டயே இருக்கட்டும்யா, கூலி எம்புட்டு?”ன்னு மொதல்ல கேட்டுருப்பேன்.