பெரியம்மாவின் சுலபப் பலகாரம்

கோயமுத்தூர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில், பிள்ளைகள் காந்திபுரத்துக்கும் சிங்காநல்லூருக்குமாகப் பிரிந்துபோன பிறகும், கிறிஸ்துமஸ் இராவிருந்துக்கு மட்டும் எல்லாரும் ஒரே கூரையின்கீழ்க் கூடுகிற வழக்கம் இருக்கும்வரை, அவ்விருந்தின் கடைசிப் பதார்த்தம் இன்னதென்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒருவரும் கொடாமலே எடுத்துக்கொண்ட ஒரு பெரியம்மாவும் இருந்தே தீருவார். பிரியாணியைப் பற்றி அவருக்கு அபிப்பிராயமே கிடையாது. அது ஆண்பிள்ளைகள் விவகாரம். இனிப்பு விஷயத்தில்தான் அவருடைய நிபந்தனைகள்: செய்வதற்குச் சுலபமாயிருக்க வேண்டும், சபையில் ஒரு வீட்டாரும் அதைச் செய்திருக்கலாகாது.

டிசம்பர் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலோசனை ஆரம்பமாகும். பிளம் கேக் என்று யாராவது வாயெடுத்தால், 1830-இல் லண்டன் மிஷன் இந்த ஊருக்கு வந்த நாள்தொட்டு நம்மவர்கள் அதைத்தானே தின்கிறார்கள் என்பார். நம் தேசத்தின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைத் தலைச்சேரியில் மாம்பள்ளி பாபு 1883-இல்தான் சுட்டதாகச் சொல்கிறார்கள் என்று பேரன் ஆட்சேபித்தால், "அதுவும் பழசுதானே சாமி?" என்று வழக்கை முடித்துவிடுவார். கல்கலாவும் அச்சு முறுக்கும் பக்கத்து வீடுகளுக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கத்தான் லாயக்கு. ஒப்பிட்டு, நோம்பிப் பலகாரம். கஸ்டர்டு பவுடரோ, முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காக ஆல்ஃபிரட் பேர்ட் என்ற ஆங்கிலேயர் 1837-இல் கண்டுபிடித்தது. அப்படிப்பட்ட உத்தம புருஷரின் ஞாபகார்த்தமாகவேனும் அதைப் பரிமாறலாமே என்பது என் கட்சி. ஆனால் கல்யாண மண்டபந்தோறும் கிடைக்கிற வஸ்து என்று அதுவும் தள்ளுபடியாயிற்று.

கடைசியில் ஜயித்தது இளநீர்ப் புட்டிங்.

"எதுக்கு அம்மிணி பயப்படறே? பொள்ளாச்சி இளநி, கடல்பாசி, மில்க்மெய்டு; மூணே சாமான். அடுப்புல பத்து நிமிசம் வேலை."

சாமான் மூன்றுதான். ஆனால் பாசிக்காக மகன் கடைவீதி முழுதும் அலைய, மூத்த மருமகள் வழுக்கையை ஓடு கீறாமல் ஸ்பூனால் வழித்தெடுக்க, இளையவள் பாசி கண்ணாடிபோல் கரையும்வரை கிண்டிக்கொண்டு நிற்க, நாற்காலியில் சாய்ந்து மேற்பார்வை செய்த பெரியம்மாவுக்கு அது உள்ளபடியே சுலபமாகத்தான் இருந்தது. ஜெலட்டினைப்போல் ஐஸ் பெட்டியை எதிர்பாராமல், சூடு நாற்பது டிகிரிக்கு இறங்கும்போதே உறையத் தொடங்கிவிடுகிற கடல்பாசியின் அவசர சுபாவத்தை அறியாத இளையவள், சில்லென்ற இளநீரை அதில் கொட்டினாள். பாத்திரம் முழுதும் திரிதிரியாகத் திரண்டுகொண்டது.

"ஏனுங்க அத்தை, இப்படித்தான் இருக்குமுங்களா?"

"மறுக்கா கொதிக்க வை கண்ணு, கரைஞ்சுரும்" என்றார் பெரியம்மா, திரும்பியும் பாராமல். கரையத்தான் செய்தது. இளநீரின் வாசனையில் பாதி போயிற்று என்பது என் மூக்கின் சாட்சியம். அதை விருந்தில் யாரும் கேட்கவில்லை.

புட்டிங்கோ அமோக வெற்றி. சபை ஐயரம்மா இரண்டாவது கிண்ணத்துக்குக் கை நீட்டிய ஆனந்தத்தில், "ஒண்ணுமே இல்லீங்க, ரொம்பச் சுலபமுங்க" என்று பெரியம்மா செய்முறையைச் சொன்னதோடல்லாமல், பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும் தாராளமாக விநியோகித்தார். சுலபமானதால் அது பரவிற்று, பரவியதால் பழசாயிற்று. புத்தாண்டு ஆராதனை முடிந்து ஐயரம்மா வீட்டில் கிண்ணம் நிறைய அதே புட்டிங்கை நீட்டியபோது, பெரியம்மா ஒரு ஸ்பூன் உண்டு, கருணையோடு சொன்னார்:

"நல்லாத்தான் இருக்குதுங்க. எங்க ஊட்ல இப்பெல்லாம் இது செய்யறதில்லீங்க."